சாப்பாட்டில் கோட்டை விடாதீர்கள்

கோடை விடுமுறைக்கு ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போகும் குடும்பங்கள் அறை வாடகையைப் பேரம் பேசிக் குறைத்துவிட்டு, சாப்பாட்டில் கோட்டை விடுகின்றன. வரியிலேயே வித்தியாசம் உண்டு: சாதாரண உணவகத்தில் ஜிஎஸ்டி 5 சதவீதம், ஒருநாள் அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் விடுதியின் உணவகத்திலோ பொதுவாக 18 சதவீதம். நாலு பேர் மூன்று வேளை சாப்பிட்டால் இது சின்னத் தொகையல்ல. காலைச் சிற்றுண்டி வாடகையில் சேர்த்தியா, பிள்ளைகளுக்கும் உண்டா என்று முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். மதியத்துக்கு ஊருக்குள் ஒரு நல்ல மெஸ் போதும். முதல் நாளுக்குப் புளியோதரையும் பொடி தடவிய இட்லியும் கட்டிக்கொண்டு போனால் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது. பில்லில் சேவைக் கட்டணம் இருந்தால் தயங்காமல் நீக்கச் சொல்லுங்கள். அதைக் கொடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.