ஊசித்துளையும் ஆய்வாளரும்

பள்ளியில் அறிவியல் படித்தவர்களிடம் ஊசித்துளைக் கேமராவில் விழும் பிம்பம் எப்படியிருக்கும் என்று கேட்டால், தலைகீழாக இருக்கும் என்ற விடை தயக்கமின்றி வரும். ஒன்றினுள் ஒன்று நுழையும் இரண்டு அட்டைப்பெட்டிகளைக் கொண்டு அதைச் செய்யும் முறை என்.சி.இ.ஆர்.டி.யின் ஆறாம் வகுப்பு அறிவியல் நூலில் நீண்ட காலம் இடம்பெற்றிருந்தது. விடை தெரிந்தவர்கள் ஏராளம். பெட்டியைச் செய்து, அதனுள் ஒளியுணர் தாளை வைத்து, ஒரு படத்தை எடுத்துப் பார்த்தவர்களோ மிகச் சிலர். இந்த இடைவெளியைப் பள்ளிக் கல்வியின் குறை என்று மட்டும் கொள்வதற்கில்லை. ஆய்வுக் கல்வியின் குறையும் இதில் அடங்கியிருக்கிறது. கருவி தரும் தரவை நம்பி ஆய்வேடு எழுதப் புகுபவர், கருவி ஒன்றைத் தம் கையால் ஒருமுறையேனும் செய்து பார்த்திருக்க வேண்டும். அதற்கு ஊசித்துளைக் கேமராவைவிட எளிய வழியைக் காண்பது அரிது.

தேவைப்படுபவை சில பொருள்களே. இறுக மூடும் தகர டப்பா, அதன் உட்புறத்தில் பூசப் பளபளப்பற்ற கறுப்பு வண்ணம், குளிர்பான கேனிலிருந்து வெட்டிய அலுமினியத் துண்டு, மெல்லிய ஊசி, நுண்ணிய உப்புத்தாள், கறுப்பு இன்சுலேஷன் டேப், கறுப்பு வெள்ளை அச்சுத்தாள். தகட்டில் ஊசி முனையால் குத்தி, மறுபுறம் எழும் பிசிரைத் தேய்த்து நீக்கினால் துளை ஆயத்தம். டேப்பே ஷட்டர். துளை சிறுக்கச் சிறுக்கப் படம் கூர்மையாகும் என்று தோன்றும். ஓர் எல்லைவரை அது உண்மை. எல்லையைத் தாண்டினால் ஒளியின் விளிம்பு விளைவால் படம் மீண்டும் மங்கும். உகந்த அளவு எது என்பதை ரேலி பிரபு 1891இல் ஆராய்ந்து எழுதினார். துளைக்கும் தாளுக்கும் 100 மி.மீ. இடைவெளி இருந்தால், ஏறத்தாழ 0.4 மி.மீ. விட்டம் பொருந்தும். அத்துணைச் சிறிய துளையை அளக்கவும் வழியுண்டு. அங்குலத்துக்கு 1200 புள்ளிகள் என்ற அளவில் தகட்டை ஸ்கேன் செய்தால், துளை ஏறத்தாழ 19 புள்ளி அகலத்தில் தெரியும்.

100ஐ 0.4ஆல் வகுக்க 250 வரும். அதுவே இக்கேமராவின் எஃப் எண். சாதாரண லென்சில் எஃப் எண் 16 வைத்து எடுப்பதைவிட இதற்கு ஏறத்தாழ 244 மடங்கு நேரம் வேண்டும். அச்சுத்தாளின் ஒளியுணர்திறனை ஐ.எஸ்.ஓ. 6 என்று கொண்டால், நல்ல வெயிலில் 40 விநாடி என்று கணக்கு சொல்லும். தாள் அந்தக் கணக்குக்கு எளிதில் கட்டுப்படுவதில்லை. ஒன்று முழுக்கக் கறுத்து வரலாம். அடுத்தது வெளிறி வரலாம். மூடியின் விளிம்பில் ஒளி கசிந்ததா? துளை நினைத்ததைவிடப் பெரிதா? டெவலப்பர் பழையதா? நீல ஒளியையே மிகுதியாக உணரும் தாள் மாலையின் மஞ்சள் வெயிலை உரிய அளவில் ஏற்கவில்லையா? நான்கையும் ஒருசேர மாற்றினால் படம் ஒருவேளை கிடைக்கும்; காரணம் கிடைக்காது. ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியதைக் குறிப்பேட்டில் எழுதிவைப்பவருக்கே காரணம் அகப்படும். ஆய்வுமுறையியல் வகுப்பில் வரையறையாக மனப்பாடம் செய்யப்படும் ‘மாறி’ என்னும் சொல் இங்கே விரல்நுனியில் பொருள்படுகிறது.

சிவப்பு விளக்கின் கீழ்த் தாளை டெவலப்பரில் இட்டு, ஹைப்போவில் நிலைப்படுத்திக் கழுவி எடுத்தால் கிடைப்பது நெகடிவ். அதில் வானம் கறுப்பு. மரத்தடி நிழல் வெள்ளை. இந்தியில் புகைப்படத்துக்கு வழங்கும் சாயாசித்திரம் என்ற சொல்லுக்கு நிழலின் படம் என்று பொருள். வங்காளத்தில் வழங்கும் ஆலோகசித்திரம் ஒளியின் படம். தமிழில் நிழற்படம், ஒளிப்படம் என்ற இரண்டும் உண்டு. அகராதியில் முரண்போல் நிற்கும் இச்சொற்கள் இருட்டறைத் தட்டில் முரண்படுவதில்லை. ஒளி பட்ட இடமே நெகடிவில் இருள்கிறது. அந்த நெகடிவை இன்னொரு தாளின்மேல் வைத்து ஒளி காட்டினால் இருள் மீண்டும் ஒளியாகிறது. பதிவு எதுவாயினும், அது எந்த விதிப்படி உருவானது என்பதை அறிந்தே படிக்கப்பட வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நாற்பது விநாடி திறந்திருக்கும் துளைமுன் பரபரப்பான கடைத்தெருவும் வெறிச்சோடிப் போகும். கட்டடமும் மரமும் நிறுத்திவைத்த சைக்கிளும் பதியும். கூடை சுமந்து நடந்தவரும் தள்ளுவண்டியை உருட்டிச் சென்றவரும் மறைந்துவிடுவர். 1838இல் டகேர் எடுத்த பாரிஸ் தெருப் படத்திலும் இதுவே நிகழ்ந்தது. நெரிசல் கரைந்துபோக, காலணிக்கு மெருகேற்றிக்கொள்ள நின்றிருந்தவரின் உருவம் தங்கியது. தெரு வெறுமையாக இருக்கவில்லை. கருவிக்கு அசைவோரைக் காணும் ஆற்றல் இல்லை. இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1971 முதல், 10,000க்குக் குறைவானோர் பேசும் மொழிகளைத் தனித்துப் பட்டியலிடுவதில்லை. அப்பட்டியலை மட்டும் வைத்து ஒரு மாநிலத்தின் மொழிகளை எண்ணுபவர், ஊசித்துளைப் படத்தைப் பார்த்துத் தெருவில் ஆளில்லை என்று எழுதுபவருக்கு ஒப்பாவார். தம் டப்பாவின் முன்னால் நடந்துபோனவர்கள் தாளில் இல்லாததைக் கண்ட ஒருவர், அட்டவணையில் ஒரு வரி இல்லாததைக் கண்டதும் நின்று யோசிப்பார்.

கருவியை ஐயுறுதல் இந்நாட்டுக்குப் புதிதன்று. இரண்டாம் சவாய் ஜெய்சிங், பித்தளைக் கருவிகள் சிறியவை, அவற்றின் அச்சுகள் தேய்ந்து பிழை தருகின்றன என்று கண்டு, கல்லாலும் சுண்ணாம்பாலும் பெருங்கருவிகளை எழுப்பினார். ஜெய்ப்பூர் ஜந்தர் மந்தரில் அவர் அமைத்த ஷஷ்டாம்ச யந்திரம் உண்மையில் ஊசித்துளைக் கேமராவே. இருண்ட அறை, மேலே சிறு துளை, கீழே அளவுகள் பொறித்த வளைவு. நண்பகலில் அதன்மேல் விழும் சூரிய பிம்பத்தைக் கொண்டு சூரியனின் உயரமும் விட்டமும் கணிக்கப்பட்டன. அதே காலத்தில் ஐரோப்பிய வானியலார் தொலைநோக்கி பொருத்திய அளவைக் கருவிகளைக் கையாண்டனர் என்பதும் மறைக்கத்தக்கதன்று. தானே செய்த கருவி எப்போதும் மேலானது என்பது இங்கே வாதமில்லை. கருவியின் பிழை எங்கே பிறக்கிறது என்று கேட்கும் பழக்கமே வேண்டப்படுவது.

இது பழமை மீதான ஏக்கம் என்று சிலர் கூறக்கூடும். கைப்பேசிக் கேமரா பல படங்களை நொடிப்பொழுதில் எடுத்து ஒன்றாக இணைக்கிறது. இருண்ட பகுதியைத் தானே வெளிச்சமாக்குகிறது. அதனால் அது பொய் சொல்கிறது என்று ஆகிவிடாது. ஆனால் அதன் முடிவுகள் பயன்படுத்துபவரின் கண்ணுக்குப் புலப்படுவதில்லை; தகர டப்பாவிலோ ஒவ்வொரு முடிவும் எடுத்தவருடையது. அச்சுத்தாளின் விலை குறித்த தடை நியாயமானது. ஒரு தாளை நான்காக வெட்டிப் பகிர்ந்தால் அது குறையும். பயன்படுத்திய ஹைப்போவில் வெள்ளி கலந்திருப்பதால் அதைச் சாக்கடையில் கொட்டாமல் வேதியியல் துறையிடம் ஒப்படைக்க வேண்டும். எளிய பொருள்களைக் கொண்டு செய்து கற்பது இங்கே இயலாது என்று சொல்வதற்கும் இடமில்லை. 1972இல் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம், 2002இல் மாநில அரசால் நிறுத்தப்படும் வரை, மத்தியப் பிரதேசத்தின் அரசுப் பள்ளிகளில் அதைச் செய்து காட்டியது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைப்படி, முனைவர் பட்ட மாணவர் குறைந்தது 12 கிரெடிட் பாடங்களைப் படிக்க வேண்டும். அதில் இரண்டு வாரத்தை இந்த டப்பாவுக்கு ஒதுக்குவது எந்தத் துறைக்கும் இழப்பாகாது; இயற்பியலுக்கு எவ்வளவு பொருந்துமோ அவ்வளவு வரலாற்றுக்கும் மொழியியலுக்கும் பொருந்தும். மதிப்பெண் படத்தின் அழகுக்கு வேண்டாம், குறிப்பேட்டுக்குத் தரப்படட்டும். முழுக்கக் கறுத்துப்போன தாளைக் கொண்டுவரும் மாணவர், அது ஏன் கறுத்தது என்பதைச் சான்றுடன் எழுதியிருந்தால், அவருக்கு முழு மதிப்பெண் வழங்கப்பட வேண்டும்.