தோள் கொடுத்தவருக்கு யார் பொறுப்பு?

2021 ஜனவரி 16 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் முதல் கோவிட் தடுப்பூசி தூய்மைப் பணியாளர் ஒருவருக்கே செலுத்தப்பட்டது. ஊசிக்குப் பின் வரும் காய்ச்சலும் உடல்வலியும் நம்மில் பலர் அனுபவித்தவை. மாதச் சம்பளக்காரருக்கு அது ஒருநாள் ஓய்வு. ஒப்பந்தத் தூய்மைப் பணியாளருக்கோ ஒருநாள் கூலி இழப்பு.

அரிதாக நேரும் கடும் பாதிப்புக்கு இழப்பீடு கோரியோர், சிவில் நீதிமன்றத்தை நாடலாம் என்று 2022 நவம்பரில் ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில் கூறியது. வழக்குச் செலவுக்கு வழியற்றவர் எங்கே செல்வார்? பிரிட்டனிலோ, எவர் தவறு என்று நிறுவாமலே நிவாரணம் பெற 1979 முதல் சட்டம் உண்டு.

தடுப்பூசியை நாம் எதிர்க்கவில்லை. அது உயிர்களைக் காத்தது. பொதுநன்மைக்குத் தோள் கொடுத்தவரின் இழப்பைப் பொதுநிதியே ஏற்க வேண்டும் என்கிறோம்.