திருப்பித் தராத கடன்

மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் நோட்டில் 52-இலிருந்து 27-ஐக் கழிக்கும் கணக்கு. விடை 35 என்று எழுதியிருக்கிறது. சிவப்பு மையால் அடித்துவிட்டு அடுத்த நோட்டை எடுப்பது எளிது. அந்த வகுப்பைப் பல ஆண்டுகள் நடத்திய ஆசிரியர் அங்கே சற்று நிற்பார். 2-இலிருந்து 7 போகாது என்றதும், பிள்ளை 7-இலிருந்து 2-ஐக் கழித்துவிட்டது. ஏன் அப்படிச் செய்தது? 'பெரிய எண்ணிலிருந்துதான் சின்ன எண்ணைக் கழிக்கணும்' என்று முதல் வகுப்பில் சொல்லிக் கொடுத்ததே நாம்தான். சொன்னதை அது அப்படியே கேட்டிருக்கிறது. இப்போது 'பக்கத்தில் கடன் வாங்கு' என்கிறோம். வாங்கிய கடனை எப்போது திருப்பித் தருவது என்று கேட்கிற பிள்ளையை உட்கார வைத்துவிடுகிறோம். பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளில் ஒரு கட்டை அவிழ்த்துக் காட்டியிருந்தால் கடன் என்ற பேச்சுக்கே இடமிருந்திருக்காது.

இது சின்ன விஷயம் இல்லை. 2024-ஆம் ஆண்டு 'ஏசர்' கல்விநிலை ஆய்வின்படி, இந்தியக் கிராமப்புறங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இத்தகைய ஈரிலக்கக் கழித்தலைச் செய்ய முடிந்தவர்கள் 33.7 சதவீதம்தான். 2022-இல் இது 25.9 சதவீதமாக இருந்தது. ஏறியிருப்பது உண்மை. ஆனாலும் மூவரில் இருவர் இன்னும் அந்தக் கடனிலேயே நிற்கிறார்கள்.

பிள்ளைகளுக்கு மூளை இல்லையா என்ன? கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் சிறுவர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 2025-இல் 'நேச்சர்' இதழில் வெளியானது. நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் அந்த ஆய்வுக் குழுவில் இருந்தவர்கள். எடைக்கேற்ற விலையையும் மீதிச் சில்லறையையும் மனக்கணக்காகவே சொல்லிவிடும் அந்தச் சிறுவர்கள், அதைவிட எளிய கணக்கைப் பாடப்புத்தக வடிவில் தாளில் கொடுத்தபோது தடுமாறினார்கள். பள்ளி மாணவர்களின் நிலை தலைகீழ்: தாளில் போட்டார்கள், கடையில் திணறினார்கள். நம் வகுப்பறைகளிலும் இதைப் பார்க்கலாம். அரை பெரிதா, கால் பெரிதா என்று கேட்டால் சிரிக்கிற பிள்ளை, அதையே பின்னமாகக் கரும்பலகையில் எழுதினால் 'நாலுதான் பெரிசு' என்கிறது.

இந்த இடைவெளி எங்கே விழுகிறது, எப்படித் தூர்ப்பது என்பதெல்லாம் மூத்த ஆசிரியர்கள் பலருக்குத் தெரியும். அந்த அறிவை நாம் எங்கே செலவிடுகிறோம்? தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புக் கணித வினாத்தாளைப் பாருங்கள். ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. வரைபடத்துக்கும் செய்முறை வடிவியலுக்கும் தலா 8. ஆக 30. இரண்டு மதிப்பெண் வினாக்கள் மூன்றை உருப்போட்டால் 36. தேர்ச்சிக்கு வேண்டியது 35. 'மெல்லக் கற்போர்' என்று பெயரிட்டு, காலைச் சிறப்பு வகுப்பில் ஒரு மாணவனை இந்த 36-க்குள் நுழைத்துவிடுவதில்தான் நம்முடைய மிகச் சிறந்த கணித ஆசிரியர்கள் தேர்ந்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டோம். தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் விளக்கம் கேட்கப்படுவது அவர்களிடம்தான். மூன்றாம் வகுப்பில் அவிழ்க்காத குச்சிக் கட்டுக்குப் பத்தாம் வகுப்பு ஆசிரியர் வட்டி கட்டுகிறார்.

பயிற்சிகள் இல்லாமல் இல்லை. 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்துக் கற்பிக்கச் சொன்னது நல்ல யோசனை. ஆனால் பயிற்சி மாநிலத்திலிருந்து மாவட்டத்துக்கும், அங்கிருந்து வட்டார வளமையத்துக்கும் இறங்கி, கடைசியில் ஈராசிரியர் பள்ளிக்கு வந்து சேரும்போது கட்டகமும் செயலியில் ஏற்ற வேண்டிய விவரங்களுமே மிஞ்சுகின்றன. இருபத்தைந்து ஆண்டு பாடம் நடத்தியவர், கருத்தாளர் படிப்பதைக் கேட்டுக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இப்போது ஆசிரியர் தகுதித் தேர்வுப் பதற்றமும் சேர்ந்துகொண்டது. ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் உள்ள ஆசிரியர்களும் அதில் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் தாளால், பிள்ளையின் தவறைப் படிக்கத் தெரிந்தவர் யார் என்று கண்டுபிடிக்க முடியுமா?

மூத்தவர்கள் சொல்வதெல்லாம் வேதவாக்கு என்று நாம் வாதிடவில்லை. கணக்கு வராத பிள்ளையை 'மரமண்டை' என்று முப்பது ஆண்டாகத் திட்டிய அனுபவமும் நம் பள்ளிகளில் உண்டு. அதனால்தான் அனுபவத்தைத் தனியாளின் கையிருப்பாக விடாமல், பலர் கூடிச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்கிறோம். ஜப்பானில் ஆசிரியர்கள் ஒரே ஒரு பாடத்தைச் சேர்ந்து திட்டமிடுகிறார்கள், ஒருவர் நடத்த மற்றவர்கள் வகுப்பில் நின்று பிள்ளைகளைக் கவனிக்கிறார்கள், பிறகு கூடி விவாதிக்கிறார்கள். நமக்கும் முன்னோடிகள் உண்டு. சென்னை ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகத்தை நிறுவிய பி.கே. சீனிவாசன் ஒரு பள்ளி ஆசிரியர். தேசியக் கலைத்திட்டம் 2005-க்கான கணிதக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். ராமானுஜம். கணக்கைக் கண்டு அஞ்சும் பிள்ளைகள், மட்டமான மதிப்பீட்டு முறை, ஆசிரியருக்குப் போதாத பயிற்சி ஆகிய மூன்றையும் அந்தக் குழு அன்றே சுட்டிக்காட்டியது. இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன.

பள்ளிக் கல்வித் துறை இரண்டு காரியங்களைச் செய்யலாம். பத்தாம் வகுப்பு வினாத்தாளில் உருப்போட்டுத் தேறும் அந்த 36 மதிப்பெண் வழியை ஆண்டுக்குச் சிறிதாக அடைத்து, யோசித்தால்தான் விடை வரும் வினாக்களை அங்கே வைக்க வேண்டும். இரண்டாவதற்கு அரசாணைகூடத் தேவையில்லை. அடுத்த குறுவள மையக் கூட்டத்துக்கு ஒவ்வோர் ஆசிரியரும் தம் பிள்ளைகள் தப்பாகப் போட்ட பத்துக் கணக்குகளைக் கொண்டுவரட்டும். கூட்டத்தை அங்குள்ள மூத்த ஆசிரியர் நடத்தட்டும். கருத்தாளர் அன்று ஒரு நாள் கட்டகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வரட்டும்.