வெள்ளியும் வரலாறும்

பழைய வெள்ளி நாணயங்களைச் சேர்ப்போர் இருவகையினர். ஒரு சாரார் தராசை நம்புவர். மறு சாரார் கண்ணை நம்புவர். பின்னையோர் பக்கமே நியாயம் உளது என்பது நமது துணிபு. கனடாவின் வெள்ளி டொலரைச் சான்றாகக் கொள்வோம்.

விழா மலர் வெளியிடும் நமக்கு அதன் பிறப்பே உவப்பளிப்பதாகும். ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரது ஆட்சியின் வெள்ளி விழாவை முன்னிட்டு, 1935 இல் அது முதன்முதல் வெளிவந்தது. எமானுவேல் ஹான் என்னும் சிற்பி அமைத்த அதன் பின்புறத்தில், தோல் வணிகப் படகோட்டி ஒருவரும் ஆதிக்குடியினர் ஒருவரும் பொதியேற்றிய ஓடத்தைத் துடுப்பால் வலிக்கின்றனர். அவர்க்குப் பின்னே வடதிசை வானொளி மெல்லிய கோடுகளாய்த் தோன்றுகின்றது. நிறை 23.3 கிராம். 1967 வரை அதில் நூற்றுக்கு எண்பது பங்கு வெள்ளியிருந்தது. மறு ஆண்டு நிக்கல் அவ்விடத்தைக் கொண்டது.

தராசு அறிவது இவ்வளவே. கண் அறிவதோ மிகப் பெரிது. ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் பட்டங்களுள் 'இந்தியச் சக்கரவர்த்தி' என்பதும் நாணயத்தில் இலத்தீனிற் பொறிக்கப்பட்டிருந்தது. 1947 இல் இந்தியா விடுதலை பெற்றமையால் அப்பட்டத்தை நீக்கவேண்டியதாயிற்று. புதிய அச்சுக்கள் இலண்டனிலிருந்து வருந்துணையும், ஒட்டாவா நாணயச்சாலை 1948 இலும் பழைய அச்சுக்களையே கொண்டு, 1947 என்னும் ஆண்டின் அருகே ஒரு சிறு மேப்பிள் இலையைப் பொறித்தது. புதியன காலந்தாழ்த்தி வந்தமையால், 1948 ஆம் ஆண்டைத் தாங்கிய டொலர்கள் 18,780 மாத்திரமே அடிக்கப்பட்டன. தில்லியில் ஏறிய கொடியின் செய்தியை ஒட்டாவாவின் இலையொன்று இன்றும் உரைக்கின்றதன்றோ!

1980 சனவரியில் வெள்ளியின் விலை அவுன்சு ஒன்றுக்கு ஐம்பது டொலரை அண்மியபோது, பல நாட்டு வெள்ளி நாணயங்கள் உலையிற் புகுந்தன. உலைக்கு எல்லா ஆண்டும் ஒன்றே. மினுக்கித் துலக்குவோரும் அறியாது அதே தீங்கைச் செய்கின்றனர்; துலக்குந்தோறும் முதலில் தேய்வன அம்மெல்லிய கோடுகளே.

இது செல்வர் பொழுதுபோக்கு என்பாருளர். அரிய டொலருக்கு அது பொருந்தும். இலை பொறித்த வெள்ளிப் பத்துச் சதத்துக்குப் பொருந்தாது. அது இலட்சக்கணக்கில் அடிக்கப்பட்டது; எளிய விலைக்குக் கிடைப்பது. கனடாவில் வாழும் நம் பழைய மாணவர் தாயகம் வருங்கால், அத்தகைய ஒன்றைத் துலக்காது கல்லூரி நூல்நிலையத்துக்குக் கொணர்வாராக. மாணவர் அதனை உருப்பெருக்காடி கொண்டு வாசிப்பாராக. ஒரு பேரரசின் முடிவை உள்ளங்கையில் வைத்துப் படிக்கும் வாய்ப்பு அவர்க்குக் கிட்டும்.