பல்லடத்துத் தறியும் நிலக்கரியும்

பல்லடம் வட்டாரத்தில் இரவில் வழிநடப்போர்க்கு விசைத்தறியின் ஓசையே துணை. அவ்வோசை அடங்கிய இரவுகளையும் இவ்வூரார் கண்டதுண்டு. 2008-ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள் தமிழ்நாடெங்கும் மின்வெட்டு நிலவிய காலத்தில், கூலிக்கு நெய்வோர் நின்ற தறியின் முன் கைகட்டி அமர்ந்திருந்தனர். நெய்த மீட்டருக்கு இவ்வளவு எனக் கூலி பெறுவோனுக்குத் தறி நின்ற நாழிகை அடுப்பு அவிந்த நாழிகையேயன்றோ? ஆதலின் நிலக்கரியின் எதிர்காலத்தை ஆராயப் புகுவோர் இத்தறியாளனை மறந்து பேசுதல் தகாது.

கொங்கு நாட்டு ஆலைத்தொழில் நிலக்கரியால் தழைத்ததன்று. 1932-இல் நீலகிரியின் பைக்காரா ஈந்த நீர்மின்சாரமே கோவைப் பஞ்சாலைகளைப் பெருக்கிற்று. ஆலைகள் பெருகப் பெருக நீரின் ஆற்றல் போதாதாயிற்று. 1962-இல் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியால் மின்சாரம் பிறந்தது. கருநிலக்கரிச் சுரங்கம் நம் மாநிலத்தில் இல்லை. ஒடிசாவின் தால்ச்சேரில் வெட்டியெடுத்த கரி பாரதீப்பில் கப்பலேறி எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வருகின்றது. சத்தீசுகரின் இராய்கரிலிருந்து 6,000 மெகாவாட் கொணரவல்ல மின்பாதையும் நமக்கு அண்மையிலுள்ள புகளூரில் வந்து முடிகின்றது.

நிலக்கரியை இன்றே கைவிடுக என்பர் ஒரு சாரார். புதிய அனல் நிலையங்களை இன்னும் எழுப்புக என்பர் மற்றொரு சாரார். இரண்டும் பொருந்தா என்பதே எம் கருத்து.

முன்னதை ஆராய்வோம். பாலக்காட்டுக் கணவாய் வழியே வைகாசி முதல் புரட்டாசி வரை வீசும் காற்று, பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளை ஓயாது சுழற்றுகின்றது. மாசி பங்குனியில் வெயிலுக்குக் குறைவில்லை. ஆயினும் கதிரவன் மறைந்தபின் தறி நிற்பதில்லை. ஐப்பசி கார்த்திகையிலோ காற்றும் தளரும், வானும் மூடும். அக்குறையை இன்று நிரப்புவது பெரும்பாலும் நிலக்கரியே. மாற்று அமையுமுன் அதனை நீக்கின், மீண்டும் கைகட்டி அமர்பவன் தறியாளனே.

இனிப் பின்னதை நோக்குவோம். 1962-இல் தொடங்கிய நெய்வேலி முதல் அனல் நிலையம் 2020-இலேதான் மூடப்பட்டது. இன்று ஒரு நிலையம் எழுப்புதல் நம் பேரர்களையும் அதற்குக் கட்டுப்படுத்துதலாகும். அதன் விலையைக் கொடுப்போரும் நாமல்லேம். கொசத்தலையாற்றின் கழிமுகத்தில் சாம்பல் படிய, எண்ணூர் மீனவர் பிழைப்புக் குன்றிற்று. 2023-ஆம் ஆண்டு ஆடித் திங்களில், நெய்வேலிச் சுரங்கத்திற்கான கால்வாய் வெட்டும்பொருட்டு, வளையமாதேவியில் பயிர் நின்ற வயல்மீது இயந்திரங்கள் ஏறின. கையகப்படுத்திய நிலமே எனினும், கதிர் முற்றும்வரை பொறுத்திருத்தல் ஆகாதோ?

ஆயின் செய்யத்தக்கது யாது? புதிய அனல் நிலையங்களை எழுப்பாதொழிக. உள்ளவற்றைக் குறைவுக்காலத் துணையாக மட்டும் வைத்துக்கொள்க. அதற்குள் சேமிப்புக்கு வழி காண்க. விளைந்த காலத்தில் குதிரை நிரப்பிப் பஞ்சகாலத்தில் உண்பது நம் உழவர் வழக்கம். மின்சாரத்திற்கும் குதிர் உண்டு. ஆழியாற்றுக்கு மேலுள்ள காடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் 1987 முதல் அப்பணி செய்கின்றது. மின்சாரம் மிகுந்த வேளையில் கீழுள்ள நீரை மேலேற்றி வைத்து, தேவை மிகும் வேளையில் இறக்கி மின்சாரம் பெறுகின்றனர். இது சில மணி நேரத்துக் குதிரேயன்றிப் பருவம் முழுமைக்கும் போதுவதன்று. எனினும் மாலைக்குறையை அது தீர்க்குமாயின், அனல் நிலையம் எரியும் நாழிகை அவ்வளவுக்குக் குறையும். முப்பதாண்டுகட்கு முன் நிறுவிய சிறு காற்றாலைகளை நீக்கி, அவ்விடங்களில் ஆற்றல்மிக்க பெரியவற்றை நிறுத்துதலும் வேண்டும்.

இவற்றிற்கெல்லாம் பொருள் வேண்டுமே எனின், வேண்டும். அச்சுமையை நான்கு தறி வைத்திருப்போன் தலையில் ஏற்றாது, அரசும் ஏற்றுமதியாற் செழித்த பெருநிறுவனங்களும் தாங்குவதே முறை. தம் பின்னலாடை எவ்வாற்றலால் ஆயிற்று என அயல்நாட்டு வணிகர் வினவத் தொடங்கிய இந்நாளில், அது அவர்க்கும் ஊதியமே.

நம் கல்லூரியில் தறியோசை கேட்டு வளர்ந்தோர் பலர் பயில்கின்றனர். நாளை பொறியாளராகவும் ஆட்சியாளராகவும் ஆகப்போவோரும் இவருள் உளர். அவர்க்கு யாம் கூற விழைவது இதுவே: பல்லடத்தில் தறி நிற்றல் ஆகாது, அதன்பொருட்டு வளையமாதேவியில் ஏர் நிற்றலும் ஆகாது.