விருந்திற்கும் கெடு உண்டு

“விருந்தும் மருந்தும் மூன்று நாள்” என்பது நம் முன்னோர் வழக்கு. மகள் வீடாயினும் மகன் வீடாயினும், நான்காம் நாள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு பேருந்திற்குப் புறப்பட்டு விடுவதே நம் பெரியோரின் பண்பாக இருந்தது. ஆனால் இன்றோ, கீழப்பாவூரிலும் அதன் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் வயலில் உழைத்தும், பீடி சுற்றியும் பெற்றோர் படிக்கவைத்த பிள்ளைகள் பலர் கடல் கடந்து வாழ்கின்றனர். மகளின் பேறுகாலம் என்றும், பேரக்குழந்தையின் முதற் பிறந்தநாள் என்றும் பெற்றோர் விமானம் ஏறுகின்றனர். பாவூர்சத்திரத்தில் பேருந்து ஏறித் தென்காசி சென்று திரும்புவது போன்ற பயணமன்று அது. அங்கே விருந்து மூன்று மாதம், ஆறு மாதம் என நீளுகின்றது. எனினும் அந்த விருந்திற்கும் ஒரு கெடு உண்டு. அதனைக் குறிப்பவர் பிள்ளைகள் அல்லர், அந்நாட்டு அரசினர்.

இத்திங்கள் அக்கெடுவைப் பற்றியே நம் குடும்பங்களோடு சிறிது உரையாட விழைகின்றோம். “பெருந்தொற்றுக் காலம் கடந்துவிட்டதே, இப்பொழுது இப்பேச்சு எதற்கு?” என வாசகர் வினவலாம். விமானங்கள் நின்றுபோவதற்கு நோய் ஒன்றே காரணமாக வேண்டும் என்பதில்லை. 2010ஆம் ஆண்டில் ஐஸ்லாந்து எரிமலையின் சாம்பல் ஐரோப்பிய விமானங்களைப் பல நாட்கள் தரையில் நிறுத்தியது. போர் மூண்டாலும் வான்வழி அடைபடும். இவை ஒன்றும் இல்லாவிடினும், பயண நாளன்று முதியவர் ஒருவர் மருத்துவமனைப் படுக்கையில் கிடக்க நேரிடலாம். ஆகவே, அந்தப் பேரிடர் கற்பித்த பாடத்தை மறவாதிருத்தல் நலம்.

அன்று நடந்ததை முதலில் நினைவுகூர்வோம். 2020 மார்ச் 22 முதல் இந்தியாவிற்கு வரும் பன்னாட்டுப் பயணிகள் விமானங்கள் நிறுத்தப்பட்டன. மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. தென்காசி தனி மாவட்டமாகி அப்பொழுது நான்கு மாதங்களே ஆகியிருந்தன. ஒரு வாரத்திற்கு எனத் தொடங்கிய விமானத் தடை மேன்மேலும் நீட்டிக்கப்பட்டது. வழக்கமான பன்னாட்டுப் போக்குவரத்து மீண்டும் தொடங்கியது 2022 மார்ச் 27 அன்றுதான். இடையில் 2020 மே 7 முதல் ‘வந்தே பாரத்’ என்னும் பெயரால் சிறப்பு விமானங்கள் இயங்கின. அவ்வாண்டு ஜூலை முதல் சில நாடுகளோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி குறிப்பிட்ட விமானங்கள் வந்து சென்றன. பிள்ளைகளைக் காணச் சென்ற பெற்றோர் பலர் இவ்வாறு வெளிநாட்டிலேயே தங்கிவிட நேர்ந்தது. திரும்பிச் செல்ல வழி அடைபட்டது. தங்குவதற்குக் குறித்த நாளோ நெருங்கிக் கொண்டேயிருந்தது.

இங்கே நம் பெரியோர் பலர் அறியாத ஒரு செய்தியைத் தெளிவுபடுத்த வேண்டும். விசா என்பது வேறு, தங்குவதற்கான அனுமதி என்பது வேறு. அமெரிக்காவையே எடுத்துக்கொள்வோம். அந்நாட்டிற்குச் சுற்றுலாப் பயணியாகச் செல்லும் இந்தியர்க்குப் பெரும்பாலும் பத்தாண்டு விசா வழங்கப்படுகின்றது. பாஸ்போர்ட்டில் அதனைக் காணும் பெரியவர், பத்தாண்டும் தங்கலாம் போலும் என எண்ணி விடுகின்றார். உண்மையில் அந்த விசா, வாயிலில் சென்று நின்று நுழைய அனுமதி கேட்பதற்கான சீட்டு மட்டுமே. விமான நிலையத்தில் அதிகாரி, இத்தனையாம் நாள்வரை தங்கலாம் எனக் குறிக்கின்றாரே, அதுவே மெய்யான கெடு. ஐ-94 எனப்படும் பதிவேட்டில் அந்நாள் இடம் பெறுகின்றது. பொதுவாக அது ஆறு மாதமாக இருக்கும். இப்பதிவை அந்நாட்டு அரசின் இணையதளத்தில் பார்த்து அச்செடுத்து வைத்துக்கொள்ளலாம்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். நம் பகுதித் தம்பதியர் ஒருவர் 2020 ஜனவரி 10 அன்று அமெரிக்காவில் மகள் வீட்டிற்குச் சென்றனர் என வைத்துக்கொள்வோம். அவர்கள் ஜூலை 9 வரை தங்கலாம். ஏப்ரலில் திரும்பப் பயணச்சீட்டும் எடுத்தாயிற்று. மார்ச்சில் விமானம் நின்றது, பயணச்சீட்டு வீணாயிற்று. “அரசே விமானத்தை நிறுத்திவிட்டது, நம் மேல் என்ன குற்றம்?” என இருந்துவிட்டால் என்னாகும்? அமெரிக்க அரசு வருகையாளர் எவர்க்கும் தானாகவே கெடுவை நீட்டித்துத் தரவில்லை. கேட்டவர்க்கே கிடைத்தது. கெடு கடந்தபின் கேட்டவர்கள், தாமதத்திற்குப் பெருந்தொற்றே காரணம் எனக் காட்டினால் பரிசீலிக்க இடமிருந்ததே தவிர, கேளாதிருந்தவர்க்கு ஏதும் இல்லை.

கேட்கும் முறை கடினமானதன்று. ஐ-539 என்னும் விண்ணப்பத்தைக் கெடு முடியும் முன்பே அனுப்ப வேண்டும். நாற்பத்தைந்து நாட்கள் முன்னதாக அனுப்புதல் நன்று என்பது அந்நாட்டுக் குடியேற்றத் துறையினரின் அறிவுரை. 2020இல் அதற்குக் கட்டணம் 370 டாலர். கைரேகைப் பதிவிற்குத் தலைக்கு 85 டாலர். கணவனும் மனைவியும் ஒரே விண்ணப்பத்தில் சேரலாம் ஆதலால், இருவர்க்கும் 540 டாலர் ஆயிற்று. (கைரேகைக் கட்டணம் பின்னர் நீக்கப்பட்டது, விண்ணப்பக் கட்டணமும் மாறியது. அனுப்பும் நாளில் உள்ள கட்டணத்தைப் பார்த்தே செலுத்த வேண்டும்.) உடன் இணைக்க வேண்டியவை: ஏன் தங்க நேரிட்டது என்னும் கடிதம், ரத்தான பயணச்சீட்டு, செலவைத் தாங்கும் பிள்ளையின் வங்கிக் கணக்கு விவரம், ஊரில் வீடும் நிலமும் உறவும் உள்ளமைக்குச் சான்று, காலாவதியாகாத பாஸ்போர்ட்டின் நகல்.

விண்ணப்பம் உரிய நாளில் சென்றடைந்தால், முடிவு வரும்வரை அங்கே தங்குவது குற்றமாகக் கருதப்படுவதில்லை. 2020 மார்ச் 18 முதல் ஜூன் 4 வரை அத்துறையின் அலுவலகங்கள் நேரில் வருவோர்க்கு மூடியிருந்தன. கைரேகைப் பதிவும் தள்ளிப்போயிற்று. ஆகவே பலர்க்கு முடிவு வரப் பல மாதங்கள் ஆயின. முடிவு வரும் முன்னரே ஊர் திரும்பியோரும் உண்டு. அவர்கள் விண்ணப்பம் பெற்றமைக்கான ரசீதைப் பத்திரப்படுத்துவது இன்றியமையாதது. கேட்ட ஆறு மாதமும் முடிவின்றியே கழியுமாயின், அது கழியும் முன் மற்றொரு விண்ணப்பம் இட வேண்டும். மறுப்பு வந்துவிட்டாலோ காலந்தாழ்த்தாது புறப்பட வேண்டும்.

அசட்டையாக இருப்பதன் விளைவு சிறிதன்று. குறித்த நாளைத் தாண்டி அனுமதியின்றித் தங்கினால், கையிலுள்ள பத்தாண்டு விசாவே செல்லாததாகிவிடும். 180 நாட்களுக்கு மேல் அவ்வாறு தங்கிப் புறப்பட்டவர் மூன்றாண்டுகளும், ஓராண்டு அல்லது அதற்கு மேல் தங்கியவர் பத்தாண்டுகளும் அந்நாட்டிற்குள் நுழைய இயலாது. எழுபது வயதுத் தாய்க்குப் பத்தாண்டுத் தடை என்றால் அதன் பொருள் என்ன? அடுத்த பேரக்குழந்தையின் முகத்தை அவர் அங்கே சென்று காணவே போவதில்லை என்பதன்றோ?

எல்லா நாடுகளும் ஒன்றுபோல் நடந்துகொள்ளவில்லை. பிரிட்டன், அங்கே அகப்பட்டுக்கொண்டவர்களின் விசாவை 2020 ஜூலை 31 வரை நீட்டித்து, ஆகஸ்ட் மாதத்தைப் புறப்படுவதற்கான அவகாசமாகவும் தந்தது. நம் உறவினர் மிகுதியாக உள்ள ஐக்கிய அரபு அமீரகம், மார்ச் 1ஆம் நாளுக்குப் பின் முடிவுற்ற விசாக்கள் ஆண்டிறுதி வரை செல்லும் என முதலில் அறிவித்தது. பின்னர் ஜூலையில் அம்முடிவைத் திரும்பப் பெற்று, புறப்படக் குறுகிய அவகாசம் தந்தது. “டிசம்பர் வரை கவலையில்லை” என இருந்தவர்கள் திடீரென விமானம் தேட வேண்டியதாயிற்று. தானாகக் கிடைத்த சலுகையும் நிலையானதன்று என்பதற்கு இதுவே சான்று.

நம் நாடும் தன் விருந்தினரைக் கைவிடவில்லை. இந்தியாவில் அகப்பட்டுக்கொண்ட வெளிநாட்டவரின் விசாக்கள் கட்டணமின்றி நீட்டிக்கப்பட்டன. 2021 ஜூனில், விண்ணப்பமே இன்றி ஆகஸ்ட் 31 வரை தங்கலாம் என அறிவிக்கப்பட்டு, பின்னர் அது செப்டம்பர் 30 வரை நீண்டது.

திரும்பி வரும் வழியிலும் கெடுவிற்கு ஒரு மதிப்பு இருந்தது. சிறப்பு விமானங்களில் யார்க்கு முதலிடம் என நம் அரசு 2020 மே மாதத்தில் வகுத்த நெறிமுறையில், முதியோர், கருவுற்ற மகளிர், மருத்துவத் தேவையுடையோர், குடும்பத்தில் இறப்பு நேர்ந்தோர் ஆகியோருடன், விசா முடியும் நிலையிலிருந்த குறுகிய கால வருகையாளரும் சேர்க்கப்பட்டனர். தம் தேதியைச் சான்றுடன் காட்டக்கூடியவர்க்கே இது பயன்பட்டது. கடல்வழியாகவும் மக்கள் வந்தனர். இலங்கையில் அகப்பட்டிருந்த ஏறத்தாழ எழுநூறு இந்தியரை ஏற்றிக்கொண்டு ‘ஜலாஷ்வா’ என்னும் கடற்படைக் கப்பல் 2020 ஜூன் 2 அன்று நம் தூத்துக்குடித் துறைமுகத்தை அடைந்தது. வந்திறங்கியோர் உடனே வீடு சேர்ந்துவிடவில்லை, தனிமைப்படுத்தல் காத்திருந்தது. திருவனந்தபுரத்தில் இறங்கியவர் செங்கோட்டை வழியே ஊர் சேர்வதற்குக்கூட இ-பாஸ் பெற வேண்டிய காலம் அது.

இதுவரை சொன்னவை சட்டத்தைச் சார்ந்தவை. இல்லத்தைச் சார்ந்தவையும் சில உள.

முதலாவது, மருந்து. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மூன்று மாதத்திற்கென எடுத்துச் சென்ற மாத்திரை நான்காம் மாதத்தில் தீர்ந்துபோகும். நம் ஊர் மருத்துவரின் சீட்டைக் காட்டி அமெரிக்க மருந்துக்கடையில் வாங்க இயலாது. அங்குள்ள மருத்துவரே எழுதித் தர வேண்டும். எனவே மருந்தின் வணிகப் பெயரோடு வேதிப்பெயரையும் அளவையும் எழுதி வாங்கிச் செல்க. தங்கும் நாள் நீளும்போது பயணக் காப்பீட்டையும் உடன் நீட்டிக்க வேண்டும். முன்பே உள்ள நோய்களுக்குப் பல காப்பீடுகள் பொறுப்பேற்பதில்லை என்பதையும் அறிந்திருத்தல் நலம்.

இரண்டாவது, ஓய்வூதியம். மத்திய அரசு ஓய்வூதியர் ஆண்டுதோறும் நவம்பரில் உயிர்வாழ் சான்று அளிக்க வேண்டும். 2020ஆம் ஆண்டிற்கான கெடு 2021 பிப்ரவரி 28 வரை தள்ளிவைக்கப்பட்டது. எந்நாளும் அவ்வாறு தள்ளிவைப்பர் என எதிர்பார்க்கலாகாது. வெளிநாட்டில் இருப்போர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தின் வாயிலாகவும் அச்சான்றைப் பெறலாம்.

மூன்றாவதே நாம் முதன்மையாகச் சொல்ல விழைவது. நீட்டிப்பு யாருடைய விருப்பம்? விமானம் இல்லாதபோது நீட்டிப்பு தவிர்க்க இயலாத தேவை. ஆனால் சிறப்பு விமானங்கள் வரத் தொடங்கிய பின்னரும், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்னும் எண்ணத்தில், “கொரோனா இன்னும் ஓயவில்லை, அம்மா, இன்னும் ஆறு மாதம் இருங்கள்” எனச் சொல்லும் பிள்ளையை நாம் என்னென்பது? அவர் சொல்லில் அன்பும் இருக்கலாம். முதியோர்க்குப் பயணத்தால் நோய் தொற்றுமோ என்னும் அச்சம் நியாயமானதே. எனினும் தாயின் மனமும் கேட்கப்பட வேண்டுமன்றோ? ஊரில் பூட்டிக் கிடக்கும் வீடு, பக்கத்து வீட்டில் விட்டு வந்த மாடு, படுக்கையில் இருக்கும் அண்ணன், இவை யாவும் அவர் நெஞ்சில் இருக்கின்றன. வீட்டிற்குள்ளேயே அடைபட்டு, மொழி தெரியாத ஊரில் சன்னல் வழியே சாலையைப் பார்த்திருந்து, “எப்பொழுது போவோம்?” எனக் கேட்பதற்கும் கூசி மௌனமான பெற்றோர் எத்தனை பேர்! விண்ணப்பத்தில் கையொப்பம் இடுபவர் பெற்றோர். அதில் எழுதியிருப்பது இன்னதென அவர்க்குத் தமிழில் படித்துச் சொல்லாமல், “இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கள், அப்பா” எனக் காகிதத்தை நீட்டுவது முறையாகாது. இல்லாத நோயை எழுதி அவர் பெயரால் பொய் சொல்வது அதனினும் முறையாகாது. அப்பொய்க்கு அதிகாரியின் முன் நாளை விடை சொல்ல வேண்டியவரும் அவரே.

ஆகவே, பயணம் புறப்படவிருக்கும் நம் பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். தங்கும் கெடு என்றுவரை என்பதைச் சென்று இறங்கிய அன்றே கேட்டறிந்து, உங்கள் கையாலேயே நாட்குறிப்பில் எழுதி வையுங்கள். பாஸ்போர்ட் உங்கள் பையிலேயே இருக்கட்டும். அதன் நகல் ஒன்று ஊரில் நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் இருக்கட்டும். குறித்த நாளிற்கு இரண்டு மாதம் முன்னரே, “திரும்புவதா, நீட்டிப்பதா?” என்னும் பேச்சை நீங்களே தொடங்குங்கள். உங்களைப் பேணும் பிள்ளைகளை அது வருத்தாது.

பிள்ளைகளுக்கும் ஒரு சொல். பெற்றோரை அழைத்து வர எத்துணை ஆர்வத்தோடு பயணச்சீட்டு எடுத்தீர்களோ, அத்துணை ஆர்வத்தோடு அவர்களைத் தக்க நாளில் ஊர் சேர்க்கும் கடமையும் உங்களுடையதே. கடக்க இயலாத இடர் நேர்ந்தால், கெடு முடியும் முன்பே உண்மையை எழுதி அனுமதி கேளுங்கள். உங்களை வளர்த்தவர்கள் பிறர் நிலத்தின் வரப்பைக்கூட மிதியாது வாழ்ந்தவர்கள். முதுமையில், அவர்கள் அறியாமலேயே அந்நிய நாட்டின் ஏட்டில் அனுமதியின்றித் தங்கியவர் எனப் பெயர் பெற விடாதீர்கள்.