பதிவேட்டில் ஒரு பெயர்

தியானப் பகுதி: எஸ்றா 2:59-63, மத்தேயு 1:1-17



பாபிலோனிலிருந்து திரும்பி வந்தவர்களில் சிலர் தங்கள் வம்ச அட்டவணையைத் தேடினார்கள், அது கிடைக்கவில்லை. தாங்கள் ஆசாரியரின் பிள்ளைகள் என்பதில் அவர்களுக்கு ஐயமில்லை. ஆனாலும் எழுத்தில் பெயர் இல்லாததால் ஆசாரிய ஊழியம் அவர்களுக்கு மறுக்கப்பட்டது. அந்நிய தேசத்தில் தலைமுறைகளைக் கழித்துவிட்டு வேரைத் தேடி வருகிறவர்களின் வேதனை எஸ்றாவின் அந்தச் சில வசனங்களில் அடங்கியிருக்கிறது.

அதே வேதனையோடு நம் தேசத்து ஆலயங்களுக்கு இன்றும் கடிதம் எழுதுகிறவர்கள் உண்டு. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் வாழும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். 1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அது முதல் 1911 வரை கரும்புத் தோட்டங்களிலும் ரயில் பாதைகளிலும் நிலக்கரிச் சுரங்கங்களிலும் உழைப்பதற்காக ஏறத்தாழ 1,52,000 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னையில் கப்பலேறியவர்கள். நம் முன்னோரோடு ஒரே பீடத்தண்டையில் முழங்காலிட்டவர்களும் அவர்களுள் இருந்தார்கள்.

அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் எப்படித் தேடுகிறார்கள் என்பதை அறிந்தால், அந்தக் கடிதத்தின் கனம் உங்களுக்குப் புரியும். வீட்டுப் பெட்டியில் கிடக்கும் மரணச் சான்றிதழிலிருந்தும் விவாகச் சான்றிதழிலிருந்தும் அவர்கள் பின்னோக்கிச் செல்கிறார்கள். ஒப்பந்தக் கூலி ஒவ்வொருவருக்கும் நேட்டால் அரசு ஓர் எண் கொடுத்தது. 'காலனி எண்' என்று வழங்கிய அது, அவருடைய விவாகம், பிள்ளைப்பேறு, மரணம் ஆகிய எல்லாப் பதிவுகளிலும் அவரைத் தொடர்ந்து வந்தது. அந்த எண் கிடைத்துவிட்டால் கப்பல் பட்டியலின் கதவு திறக்கும். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடலிலுள்ள மச்சம் அல்லது தழும்பு எனப் பத்தி பத்தியாக அதில் எழுதியிருக்கிறார்கள். கிறிஸ்தவர் பலருக்குச் சாதிப் பத்தியில் 'கிறிஸ்தவர்' என்றே எழுதப்பட்டது. கங்காணியும் எழுத்தரும் நிறைந்த அந்த உலகத்தில் இப்படி ஒரு சொல் அந்தப் பத்திக்குள் புகுந்தது சிறிய காரியமல்ல.

ஆனால் கப்பல் பட்டியல் கிராமத்தின் வாசலோடு நின்றுவிடும். அதற்கு அப்பால் செல்ல ஆலயத்தின் ஏடு வேண்டும். சென்னை மாகாணத்தில் பிறப்பு, இறப்புகளைப் பதிவு செய்வதற்கான சட்டம் 1899இல்தான் வந்தது. அதற்கு முன் பிறந்த ஓர் ஏழைக் கிறிஸ்தவனைத் தாயின் பெயரோடும் தகப்பனின் பெயரோடும் எழுதி வைத்தது, பெரும்பாலும் ஞானஸ்நானப் பதிவேடு ஒன்றே. விவாகங்களுக்கு மட்டும் வேறு ஒரு துணை உண்டு. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவ விவாகச் சட்டத்தின்படி, விவாகப் பதிவின் விவரங்களை அரசுப் பதிவாளருக்கு அனுப்பும் கடமை போதகர்களுக்கு உண்டாயிற்று. சபையின் ஏட்டைக் கரையான் தின்றிருந்தாலும் அரசு அலுவலகத்தில் பிரதி இருக்கக்கூடும்.

ஆகவே, இத்தகைய கடிதத்துக்குப் பதில் எழுதுவது ஆலய அலுவலகம் ஓய்வு நேரத்தில் காட்டும் தயவு என்று எண்ணாதீர்கள். அதுவும் ஊழியமே என்பது என் திடமான கருத்து. காணாமற்போன ஆட்டைத் தேடும் மேய்ப்பனைக் குறித்து நாம் பிரசங்கிக்கிறோம். நம்மைத் தேடி வரும் ஒரு குடும்பத்துக்காகப் பழைய அலமாரியைத் திறந்து இரண்டு மணி நேரம் செலவிட மனமில்லை என்றால், அந்தப் பிரசங்கத்துக்கு என்ன பொருள்?

எழுத்திலுள்ள ஒரு வரி எவ்வளவு பெரியது என்பதை நேட்டால் இந்தியர் கண்ணீரோடு கற்றார்கள். 1913 மார்ச் மாதம், கேப் டவுனில் நீதிபதி சேர்ல், ஓர் இஸ்லாமியப் பெண்ணின் வழக்கில், பலதார மணத்துக்கு இடங்கொடுக்கும் சமய முறைப்படி நடந்த விவாகத்தைச் சட்டம் ஏற்காது என்று தீர்ப்பளித்தார். இந்து, இஸ்லாமியக் குடும்பத்துப் பெண்கள் பலர் சட்டத்தின் கண்ணில் மனைவியர் என்ற நிலையை இழந்தார்கள். கஸ்தூரிபா உட்படப் பெண்கள் சத்தியாக்கிரகத்தில் இறங்கிச் சிறை சென்றார்கள். 1914ஆம் ஆண்டின் இந்தியர் நிவாரணச் சட்டம் வரும் வரை அந்த அவமானம் நீடித்தது. அந்நாட்களில் ஆலயப் பதிவேட்டில் பெயர் இருந்த கிறிஸ்தவப் பெண்ணுக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது. அடுத்த வீட்டுச் சகோதரிக்கு அது இல்லை. இதில் நாம் மேன்மைபாராட்ட ஒன்றுமில்லை. ஒரு வரி எழுத்து ஒருவரைக் காக்கவும் கைவிடவும் வல்லது என்பதை மட்டும் மறவாதிருப்போம்.

தேடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அவசரப்படாதீர்கள். ஒரே சாட்சியை நம்பி ஒருவனைக் குற்றவாளியாகத் தீர்க்கலாகாது என்று மோசேயின் பிரமாணம் கற்பிக்கிறது (உபாகமம் 19:15). வம்சத்தைத் தேடுவதிலும் அது நல்ல விதி. ஞானமுத்து என்ற பெயர் ஏட்டில் இருப்பதனாலேயே அவர் உங்கள் ஞானமுத்து ஆகிவிடமாட்டார். புதூர் என்ற பெயரில் எத்தனையோ ஊர்கள் உள்ளன. தமிழ்ப் பெயரைக் காதால் கேட்டு ஆங்கிலத்தில் எழுதியவர்கள் எழுத்தை மாற்றினார்கள். வயதைக் குத்துமதிப்பாகக் குறித்தார்கள். முனியன் என்று கப்பலேறிய ஒருவர், அங்கே ஞானஸ்நானம் பெற்று மோசே என்று மரித்திருக்கலாம். தகப்பன் பெயர், ஊர், உடன்பிறந்தார் பெயர் ஆகிய இரண்டு மூன்று அடையாளங்கள் ஒத்துவந்த பிறகே முடிவுக்கு வாருங்கள்.

இனி, பலரும் பேசத் தயங்கும் காரியத்துக்கு வருகிறேன். ஏட்டைத் திறந்தால் நாம் விரும்பாததும் அதில் இருக்கும். கப்பல் பட்டியல் 'கிறிஸ்தவர்' என்று எழுதிய அதே மனிதருக்கு, ஊரிலுள்ள பழைய ஞானஸ்நானப் பதிவேடு சாதிப் பெயரை எழுதியிருக்கக்கூடும். தகப்பன் பெயர் வேண்டிய இடம் வெறுமையாய் இருக்கலாம். கணவனை ஊரில் விட்டுவிட்டுக் குழந்தையோடு தனியே கப்பலேறிய பெண் ஒருத்தி வெளிப்படலாம். அப்பொழுது சிலர் தேடலை நிறுத்திவிடுகிறார்கள். சிலர் வேறொரு கௌரவமான ஞானமுத்துவைத் தெரிந்துகொள்கிறார்கள். வேறு சிலரோ சாதிப் பெயரைக் கண்டதும் அதையே பொக்கிஷமாக எடுத்துக்கொண்டு, மனிதரை ஏட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். இம்மூன்றும் முன்னோரை இரண்டாம் முறை நாடுகடத்துவதே.

மத்தேயு எழுதிய வம்ச வரலாற்றைப் பாருங்கள். தாமாரை அவர் மறைக்கவில்லை, ராகாபை நீக்கவில்லை. உரியாவின் மனைவியாயிருந்தவளைக் குறிப்பிடும்போது, தாவீதின் பாவத்துக்கே சாட்சியான உரியாவின் பெயரையும் எழுதுகிறார். பஞ்சம் பிழைக்க மோவாபுக்குச் சென்ற குடும்பத்தில் சேர்ந்து, பின்பு எல்லை கடந்து வந்த ரூத்தும் அங்கே இருக்கிறாள். கறைகளைத் துடைத்துவிட்டு எழுத மத்தேயுவுக்கு வழி இருந்தது. அவர் அப்படிச் செய்யவில்லை. இரட்சகரின் வம்சத்துக்கே பூச்சு தேவைப்படாதபோது, நம்முடையதற்கு ஏன்?

சபையாரே, நம் சேகரத்திலுள்ள பழைய ஏடுகளை ஈரமும் கரையானும் அணுகாமல் காப்போம். பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைப்போம். கேட்டு எழுதுகிறவருக்கு உள்ளதை உள்ளபடி தெரிவிப்போம். உயிரோடிருப்பவர்களின் விவரங்களை மட்டும் அவர்கள் சம்மதமின்றிக் கொடாதிருப்போம். தேடியும் பெயர் கிடைக்கவில்லை என்றால், அதையும் ஆறுதலான ஒரு கடிதமாக எழுதுவோம். எஸ்றாவின் நாளில் அட்டவணையில் காணப்படாதவர்கள் ஒதுக்கி வைக்கப்பட்டார்கள். கிறிஸ்துவின் சபையிலோ, ஏட்டில் பெயர் காணாதவரும் சகோதரரே. அவர்கள் நம் ஊருக்கு வந்தால், நம்மோடு பந்தியிருக்கட்டும்.

ஜெபம்: எங்கள் முன்னோரைப் பெயர் சொல்லி அறிந்திருக்கிற பிதாவே, கப்பலேறிப் போனவர்களையும் ஊரில் தங்கினவர்களையும் நீர் மறந்ததில்லை. உண்மையை அஞ்சாமல் வாசிக்கவும், தேடி வருகிறவர்களுக்குக் கதவைத் திறக்கவும் எங்களுக்குக் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.